விசிபியு எண்ணிக்கையை ஏற்றினால் விஎம் எழவில்லையா? அறிகுறியைப் பார்த்து ஹோஸ்ட் கெர்னலைச் சோதிக்கும் வழி

விஎம்முக்கு (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கு) நான்கு, எட்டு விசிபியு (மெய்நிகர் சிபியு) கொடுக்கும் வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. எண்ணை 64, 200, 300 என்று ஏற்றும்போதுதான் ஒவ்வொரு இடமாக முட்டும். ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாக வடிவமைப்பும் சிமுலேஷனும் செய்யும் சிறு நிறுவனங்களிலும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதிக் கல்லூரி லேப்களிலும் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பெங்களூரில் கழித்துவிடும் இரட்டை சாக்கெட் சர்வர்கள் செகண்ட்ஹேண்டில் இங்கே வந்து இறங்குவதே காரணம். 2019இல் வெளிவந்த ஏஎம்டி எபிக் 7742 சிப்பில் 64 கோர், 128 த்ரெட். அப்படி இரண்டு சிப் உள்ள பெட்டியில் 256 த்ரெட். அதைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒரே விஎம்முக்குக் கொடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அது எழாமல் போனால் கிடைக்கும் முதல் ஆலோசனை, "கெர்னல் பழசு, அப்டேட் பண்ணுங்க" என்பது.

பெரும்பாலும் அந்த ஆலோசனை தவறு. விசிபியு எண்ணிக்கைக்கு நான்கு இடங்களில் தனித்தனி வரம்பு இருக்கிறது: ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் நிஜப் பெட்டி) லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம், விஎம்மின் வன்பொருளை மென்பொருளால் உருவாக்கிக் காட்டும் கியூஎமுவின் மெஷின் வகை (எந்த மதர்போர்டு போலக் காட்டுவது என்ற தெரிவு), ஒவ்வொரு விசிபியுவுக்கும் தரப்படும் ஏபிக் எண் (அந்த விசிபியுவின் முகவரி), கடைசியாக கெஸ்ட் ஓஎஸ் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்). எதில் முட்டுகிறது என்று தெரியாமல் கெர்னலை மாற்றினால், ஓடிக்கொண்டிருந்த மற்ற விஎம்களை நிறுத்தியதுதான் மிச்சம். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் பிழை வரியை முழுசாகப் படியுங்கள். விஎம்களை நிர்வகிக்கும் விர்ட் மேனேஜர் காட்டும் சின்னப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். /வார்/லாக்/லிப்விர்ட்/கியூஎமு அடைவில் அந்த விஎம்மின் பெயரிலேயே ஒரு லாக் கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பத்து வரிகளில் கியூஎமு சொன்னது அப்படியே பதிவாகியிருக்கும்.

இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம். உங்களுக்கு வரும் அறிகுறிக்கு நேரே போய்விடலாம். ஆனால் கெர்னலிடம் நேரடியாகக் கேட்கும் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள். மற்ற எல்லாம் அதை வைத்தே நடக்கிறது.

அறிகுறி: எத்தனை விசிபியு கொடுத்தாலும் எழவில்லை, கேவிஎம் இல்லை என்கிறது

இது எண்ணிக்கைப் பிரச்சினையே அல்ல. ஒரே ஒரு விசிபியு கொடுத்தாலும் இதே பிழை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் /டெவ்/கேவிஎம் கோப்பு இருக்கிறதா, 'எல்எஸ்மாட்' பட்டியலில் கேவிஎம் மாட்யூலும் அதனுடன் இன்டெல் அல்லது ஏஎம்டி மாட்யூலும் ஏறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

மாட்யூல் ஏறவில்லை என்றால் 'டிமெஸ்ஜி' வெளியீட்டில் கேவிஎம் என்று தேடுங்கள். பயாஸ் முடக்கியிருப்பதாக ஒரு வரி இருந்தால் பயாஸில் விடிஎக்ஸ் அல்லது எஸ்விஎம் (இன்டெல், ஏஎம்டி சிப்களின் விர்ச்சுவலைசேஷன் வசதி) அணைந்திருக்கிறது. நம் பக்கத்தில் இதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. செகண்ட்ஹேண்ட் பெட்டிகளில் மதர்போர்டு மேல் இருக்கும் சிமாஸ் பேட்டரி பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். மே மாத இடிமழையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டதும் பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று வரை ஓடிய விஎம் இன்று எழாது. பயாஸில் நேரமும் தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிட்டுப் பிறகு விர்ச்சுவலைசேஷனை இயக்குங்கள். பேட்டரியை மாற்றாமல் பயாஸை மட்டும் சரிசெய்தால் அடுத்த மின்வெட்டில் அதே கதை.

ஒரு எச்சரிக்கை. பழைய கெர்னல்களில் '/ப்ராக்/சிபியுஇன்ஃபோ' கோப்பில் விஎம்எக்ஸ் என்ற கொடி தெரிந்தாலும் பயாஸில் அது அணைந்திருக்கலாம். சிப்புக்கு அந்தத் திறமை உண்டு என்பதை மட்டுமே அந்தக் கொடி சொல்லும். உபுண்டு, டெபியனில் 'சிபியு-செக்கர்' தொகுப்பை நிறுவி 'கேவிஎம்-ஓகே' ஓட்டுவது மேல். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் இருக்கும் பெட்டியில் 'விர்ட்-ஹோஸ்ட்-வாலிடேட்' இன்னும் விரிவாகச் சொல்லும்.

கோப்பு இருக்கிறது, ஆனால் அனுமதி மறுக்கிறது என்றால் உங்கள் பயனரை 'கேவிஎம்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். சாதனம் வேலையில் இருக்கிறது என்று மறுத்தால், அதே பெட்டியில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். லேப்களில் இது சகஜம். ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது ஓடும்.

கெர்னலிடம் நேரடியாகக் கேட்பது

கேவிஎம் தன் வரம்பை மறைத்து வைப்பதில்லை. கேட்டால் சொல்லும். எளிய வழி 'விர்ஷ் மேக்ஸ்விசிபியுஸ் கேவிஎம்'. அதில் வரும் ஒற்றை எண், அந்த ஹோஸ்டில் இப்போது ஓடும் கெர்னல் ஒரு விஎம்முக்கு அனுமதிக்கும் உச்சம்.

லிப்விர்ட் இல்லாத பெட்டியில் பைத்தான் போதும். /டெவ்/கேவிஎம் கோப்பைப் பைனரி முறையில், பஃபர் இல்லாமல் திறந்து, 'எஃப்சிஎன்டிஎல்' மாட்யூலில் உள்ள ஐஆக்டில் அழைப்புக்கு இரண்டு எண்களைக் கொடுங்கள். முதல் எண் 44547. "இந்த வசதி உனக்கு உண்டா?" என்று கேவிஎம்மைக் கேட்கும் அழைப்பு அது. எந்த வசதி என்பதை இரண்டாவது எண் சொல்லும். 9 கொடுத்தால் கெர்னல் பரிந்துரைக்கும் விசிபியு எண்ணிக்கை வரும். 66 கொடுத்தால் தாண்டவே முடியாத உச்ச வரம்பு. 128 கொடுத்தால் விசிபியு அடையாள எண்களுக்கான வரம்பு. 129 என்பது எக்ஸ்2ஏபிக்குக்கான (255ஐத் தாண்டிய ஏபிக் எண்களுக்கான முறை) ஏபிஐ இருக்கிறதா என்ற கேள்வி. விடை 0 என்றால் அந்த வசதி இல்லை.

66க்கு 0 வந்தால், 9க்கு வரும் விடையே உச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 9க்கும் 0 வந்தால் 4 என்று கொள்ளவேண்டும் என்கிறது கெர்னலின் ஏபிஐ ஆவணம். இன்றைய கெர்னல்களில் அப்படி வராது. ஆனால் ஏதோ ஒரு மூலையில் பல வருடமாக நிறுத்தாமல் ஓடும் பெட்டியில் வரலாம்.

இந்த நான்கு விடைகளையும் ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டிவையுங்கள். பாதி வேலை முடிந்தது. கூடவே 'யுநேம் -ஆர்' காட்டும் கெர்னல் பதிப்பையும் எழுதுங்கள். நிறுவப்பட்ட கெர்னல் வேறு, ஓடும் கெர்னல் வேறு. தொகுப்பு அப்டேட் ஆகியும் ரீபூட் செய்யாத பெட்டிகளில், "புதுசு போட்டுட்டோம், ஆனாலும் அதே பிழை" என்று நாள் முழுக்கத் தேடுகிறார்கள். உற்பத்தி லைனோடு இணைந்த சர்வரை யாரும் லேசில் நிறுத்த மாட்டார்கள் என்பதால் ஓசூர்ப் பக்கம் இது அதிகம்.

அறிகுறி: விஎம் ஓடுகிறது, ஆனால் பரிந்துரைத்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக எச்சரிக்கை

இது பிழை அல்ல. கேட்ட எண்ணிக்கை, மேலே 9க்கு வந்த விடையைத் தாண்டுகிறது, ஆனால் 66க்கு வந்த விடைக்குள் இருக்கிறது. கியூஎமு எச்சரித்துவிட்டு விஎம்மை ஓட்டும்.

ஓஎஸ்ஸை ஏற்றிய பிறகு இந்த எச்சரிக்கை புதிதாக முளைத்தது என்று பலர் பதறுகிறார்கள். அதற்குக் காரணம் கெர்னலில் நடந்த ஒரு மாற்றம். எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி சிப்களில்) முன்பு இந்தப் பரிந்துரை எண் ஹோஸ்ட் எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஒரே நிலையான எண்ணாக இருந்தது. வெகுகாலம் 240, பிறகு 5.15 கெர்னலில் 710. 5.16 முதல் அந்த நிலையான எண்ணை எடுத்துவிட்டார்கள். இப்போது ஹோஸ்டில் எத்தனை சிபியு ஆன்லைனில் இருக்கிறதோ, அதுவே பரிந்துரை. ஆகவே 16 த்ரெட் உள்ள பெட்டியில் 32 விசிபியு விஎம் ஓட்டினால், உபுண்டு 22.04இன் 5.15 கெர்னலில் எந்த எச்சரிக்கையும் வராது. அதே பெட்டியை 24.04க்கு மாற்றி 6.8 கெர்னலில் ஓட்டினால் வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை. புதிய எண்தான் நியாயமான எண் என்பது என் கருத்து. ஹோஸ்டில் இல்லாத சிபியுவை விஎம்முக்குக் கொடுப்பதாகக் காட்டும்போது யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஒரு மென்பொருள் 300 சிபியுவில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்துப் பார்க்க மட்டும் விஎம் எழுப்புகிறீர்கள் என்றால் எச்சரிக்கையை விட்டுவிடலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். தினசரி வேலைக்கான விஎம் என்றால் எண்ணைக் குறையுங்கள்.

அறிகுறி: கேவிஎம் தாங்கும் உச்சத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது

இங்கே மட்டும்தான் "கெர்னல் பழசு" என்ற ஆலோசனை பொருந்தும். எக்ஸ்86இல் இந்த வரம்பு ஏறிவந்த கதை இது. 255இல் இருந்தது 2016இல் 288 ஆனது. 2021இல் வந்த 5.15 அதை 1024 ஆக்கியது. 6.7 கெர்னலில் அது ஒரு கான்ஃபிக் தெரிவாக மாறியது. கெர்னலைக் கட்டுபவர் 1024 முதல் 4096 வரை வைக்கலாம். மிகப்பெரிய பெட்டிகளுக்கான 'மேக்ஸ்எஸ்எம்பி' தெரிவு இயக்கப்பட்டிருந்தால் 4096, இல்லையென்றால் 1024 என்பது இயல்பு.

டெபியன் 11இன் 5.10 கெர்னலில் 300 கேட்டால் கிடைக்காது. டெபியன் 12இன் 6.1 கெர்னல் அனுமதிக்கும், ஆனால் கீழே சொல்லும் மெஷின் வகை வரம்பும் இடம் தர வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 4.18 என்றோ 5.14 என்றோ எண் காட்டினாலும், மேலிருந்து பல மாற்றங்களை அதற்குள் இறக்கியிருப்பார்கள். எண்ணை விட்டுவிட்டு 66க்கு வரும் விடையை நம்புங்கள். 6.7க்குப் பிந்தைய கெர்னல் என்றால் /பூட் அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் கேவிஎம் உச்ச விசிபியு வரியைத் தேடினால் எந்த எண்ணோடு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

கெர்னலை மாற்றத்தான் வேண்டும் என்றால், விநியோகம் தரும் புதிய கெர்னல் தொகுப்பையே எடுங்கள். உபுண்டு 22.04இல் எச்டபிள்யுஇ என்ற புதிய கெர்னல் வரிசை உண்டு. டெபியனில் பேக்போர்ட்ஸ் உண்டு. கையால் கெர்னல் கட்டி வேலைக்கான சர்வரில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த பாதுகாப்பு அப்டேட் வரும்போது அதைக் கவனிக்க ஆள் இருக்காது.

இதே அறிகுறிக்கு இன்னொரு முகம் உண்டு. "நான் 8தான் கேட்டேன், 400 கேட்டதா சொல்லுது" என்பார்கள். விஎம்மின் அமைப்புக் கோப்பான எக்ஸ்எம்எல்லில் விசிபியு வரியைப் பாருங்கள். இப்போதைய எண் 8 என்றும், பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம் என்று அதிகபட்சம் 400 என்றும் யாரோ எழுதியிருப்பார்கள். கியூஎமு இரண்டையுமே சோதிக்கும். ஹாட்பிளக் (ஓடும்போதே சேர்ப்பது) என்ற சொல் பிழை வரியில் இருந்தால் முட்டுவது அந்த அதிகபட்ச எண். கெர்னலைத் தொடாமல் அதைக் குறைத்தாலே போதும்.

லேப்பில் ராஸ்பெரி பை 4 வைத்துக் கற்றுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் போர்டில் இருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலர் ஜிஐசி இரண்டாம் பதிப்பு. அது 8 சிபியுவுக்கு மேல் தாங்காது. எந்தக் கெர்னல் போட்டாலும் ஒன்பதாவது விசிபியு கிடைக்காது.

அறிகுறி: மெஷின் வகை தாங்கும் எண்ணிக்கையைத் தாண்டியதாக மறுப்பு

கேவிஎம் 1024 என்று சொல்லும், விஎம்மோ 255க்கு மேல் போகாது. இங்கே கெர்னலின் மேல் குற்றம் இல்லை. கியூஎமுவில் ஒவ்வொரு மெஷின் வகைக்கும் தனி உச்சம் உண்டு. பழைய ஐ440எஃப்எக்ஸ் வகை 255இல் நின்றுவிடும். க்யூ35 வகை 288 வரை போனது. கியூஎமு 8.1உடன் வந்த க்யூ35 வகை 1024, 9.0உடன் வந்தது 4096.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு விடைகளை ஒப்பிடுங்கள். 'விர்ஷ் மேக்ஸ்விசிபியுஸ் கேவிஎம்' தருவது கெர்னலின் எண். 'விர்ஷ் டாம்கேப்பபிலிட்டீஸ்' கட்டளையில் மெஷின் வகையையும் குறிப்பிட்டுக் கேட்டால், வெளியீட்டில் விசிபியு உச்சம் என்று ஒரு வரி வரும். அது கெர்னல், மெஷின் வகை இரண்டில் சிறியது. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தடை மெஷின் வகையில்தான்.

கவனிக்க வேண்டியது, விஎம்மை முதலில் உருவாக்கிய நாளில் இருந்த மெஷின் வகை அதன் எக்ஸ்எம்எல்லிலேயே பதிந்துவிடும். க்யூ35-6.2 என்று அங்கே எழுதியிருந்தால், கியூஎமுவை 9க்கு ஏற்றினாலும் அந்த விஎம் 6.2இன் வரம்போடுதான் எழும். 'விர்ஷ் எடிட்' மூலம் அந்த வரியை மாற்றலாம். க்யூ35க்குள்ளேயே பதிப்பை ஏற்றுவது பொதுவாகச் சிக்கலில்லாத வேலை. ஐ440எஃப்எக்ஸிலிருந்து க்யூ35க்குத் தாவுவது அப்படியல்ல. பிசிஐ அமைப்பே மாறிவிடும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும், ஐடிஇ வட்டுகள் காணாமல் போகும், விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். அந்தத் தாவலுக்கு விஎம்மின் வட்டைப் பிரதி எடுத்து, பிரதியில் செய்து பாருங்கள்.

அறிகுறி: 255ஐத் தாண்டியதும் எக்ஸ்2ஏபிக் வேண்டும், இஐஎம் வேண்டும் என்கிறது

எல்லாவற்றிலும் பலரைத் திணறடிப்பது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு சிபியுவுக்கும் இன்டரப்ட் (சிபியுவின் கவனத்தைக் கோரும் சைகை) அனுப்ப ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஏபிக் எண். பழைய எக்ஸ்ஏபிக்கில் அது 8 பிட். 0 முதல் 255 வரை எண்கள், அதில் 255 எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பொது முகவரி. ஆகவே 255க்கு அப்பால் போக எக்ஸ்2ஏபிக் வேண்டும். அதில் எண் 32 பிட். ஆனால் சிபியு மட்டும் மாறினால் போதாது. நெட்வொர்க் கார்டு, வட்டு போன்ற சாதனங்கள் அனுப்பும் இன்டரப்டில் முகவரிக்கான இடம் இன்னும் 8 பிட்தான். அதை விரிவாக்க இன்டரப்ட் ரீமேப்பிங் (முகவரி மாற்றம்) செய்யும் ஐஓஎம்எம்யு சாதனம் ஒன்று விஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும்.

லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் இதற்கு இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். அம்சங்கள் பகுதியில் ஐஓஏபிக் டிரைவர் 'கியூஎமு' என்று இருக்க வேண்டும். சாதனங்கள் பகுதியில் 'இன்டெல்' மாடல் ஐஓஎம்எம்யு சேர்த்து, அதில் இன்டரப்ட் ரீமேப்பிங்கையும் இஐஎம்மையும் (32 பிட் ஏபிக் எண்ணை ஏற்கும் முறை) இயக்க வேண்டும். ஹோஸ்ட் ஏஎம்டி எபிக்காக இருந்தாலும் இங்கே இன்டெல் மாடலையே போடலாம். இது கியூஎமு மென்பொருளால் உருவாக்கிக் காட்டும் சாதனம், ஹோஸ்டின் சிப்போடு தொடர்பில்லை. சமீபத்திய லிப்விர்ட் பதிப்புகள் 255ஐத் தாண்டினால் இதைத் தாமாகவே சேர்த்துவிடும். பழையவற்றில் கையால் எழுத வேண்டும்.

கெஸ்ட் லினக்ஸ் 5.11 அல்லது அதற்குப் பிந்தையதாகவும், கியூஎமுவும் அதற்கேற்பப் புதியதாகவும் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சாதன இன்டரப்டில் சும்மா கிடந்த பிட்களைப் பயன்படுத்தி முகவரியை 15 பிட்டாக்கும் ஏற்பாடு கேவிஎம்மில் இருக்கிறது. அதில் ஐஓஎம்எம்யு தேவையில்லை. ஆனால் இன்டரப்ட் சிப்பைக் கெர்னலும் கியூஎமுவும் பங்குபோட்டுக்கொள்ளும் 'ஸ்ப்ளிட்' முறை கட்டாயம். கெஸ்ட் விண்டோஸ் என்றால் ஐஓஎம்எம்யு வழியிலேயே போங்கள்.

இப்போது எல்லோரையும் குழப்பும் இடம். கல்லூரி மாணவர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டது: "அண்ணா, நான் 200 விசிபியுதான் குடுத்தேன். 255ஐத் தாண்டுதுன்னு சொல்லுதுங்கண்ணா. கூட்டல் கூட வரலையே?" அவருடைய எக்ஸ்எம்எல்லில் டோப்பாலஜி (விசிபியுக்களின் அடுக்கமைப்பு) 40 சாக்கெட், சாக்கெட்டுக்கு 5 கோர், கோருக்கு ஒரு த்ரெட். மொத்தம் 200, கணக்கு சரி. ஆனால் ஏபிக் எண்கள் வரிசையாக ஒன்று, இரண்டு என்று போவதில்லை. சாக்கெட், கோர், த்ரெட் ஒவ்வொன்றுக்கும் பிட்கள் ஒதுக்கப்படும். 5 கோருக்கு 3 பிட் வேண்டும், 3 பிட்டில் 8 எண்கள். ஆகவே ஒவ்வொரு சாக்கெட்டும் 8 எண்களை எடுத்துக்கொண்டு 5ஐ மட்டும் பயன்படுத்தும். போச்சம்பள்ளி மண்டியில் எட்டுக் குழி உள்ள அட்டைப்பெட்டியில் ஐந்து மாம்பழம் வைத்து அனுப்பினால், லாரியில் பெட்டிதான் இடத்தை அடைக்கும். கடைசி சாக்கெட்டின் எண் 39. அதை 8ஆல் பெருக்கினால் 312. அதன் கடைசிக் கோர் 4. ஆக கடைசி ஏபிக் எண் 316.

அதே 200ஐ 2 சாக்கெட், 50 கோர், 2 த்ரெட் என்று மாற்றுங்கள். 50 கோருக்கு 6 பிட், 2 த்ரெட்டுக்கு 1 பிட், சாக்கெட்டுக்கு 128 எண்கள். இரண்டாவது சாக்கெட்டின் கடைசி எண் 128உடன் 99 சேர்த்து 227. எதையும் நிறுவாமல், எந்தக் கெர்னலையும் மாற்றாமல் எழுந்துவிடும். கோர் எண்ணிக்கையை 2, 4, 8, 16, 32, 64 என்ற வரிசையில் வைத்தால் இடைவெளியே வராது. 128க்கு வந்த அடையாள எண் வரம்பு, விசிபியு வரம்பைவிடப் பெரிதாக இருப்பதும் இந்த இடைவெளிகளுக்கு இடம் கொடுக்கத்தான்.

ஹோஸ்ட் தானே 256 த்ரெட் பெட்டி என்றால் ஹோஸ்டுக்கும் இதே விதி. பயாஸில் ஐஓஎம்எம்யுவும் எக்ஸ்2ஏபிக்கும் அணைந்திருந்தால் ஹோஸ்ட் லினக்ஸுக்கே எல்லாத் த்ரெட்டும் தெரியாது. 'எல்எஸ்சிபியு' காட்டும் ஆன்லைன் எண்ணிக்கையை, வாங்கும்போது சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். சிமாஸ் பேட்டரி தீர்ந்த பெட்டிகளில் இதுவும் சேர்ந்தே கெடும்.

அறிகுறி: விஎம் எழுந்துவிட்டது, உள்ளே சிபியு குறைவாகத் தெரிகிறது

விண்டோஸ் 10 அல்லது 11 புரோவில் 16 கொடுத்தும் 2 மட்டும் தெரிந்தால் காரணம் சாக்கெட். டோப்பாலஜி எழுதாவிட்டால் லிப்விர்ட் ஒவ்வொரு விசிபியுவையும் ஒரு தனி சாக்கெட்டாகக் காட்டும். விண்டோஸ் புரோ 2 சாக்கெட்டுக்கு மேல் ஏற்காது, ஹோம் ஒன்றோடு நிறுத்திவிடும். டோப்பாலஜியில் 1 சாக்கெட், 16 கோர் என்று எழுதினால் உடனே 16உம் வரும். கிராமத்துப் பள்ளி லேப் முதல் பெரிய நிறுவனம் வரை எல்லா இடத்திலும் வரும் அறிகுறி இது.

லினக்ஸ் கெஸ்ட்டில் குறைந்தால், கெஸ்ட்டுக்குள் 'டிமெஸ்ஜி' பாருங்கள். கெஸ்ட் கெர்னலுக்கும் சிபியு உச்சம் உண்டு. வரம்பு எட்டிவிட்டதால் இந்தச் சிபியுவை விட்டுவிட்டேன் என்று ஏபிக் பெயரில் வரி இருந்தால், கெஸ்ட் கெர்னலைத்தான் மாற்ற வேண்டும். சரியாக 255இல் நின்றால், மேலே சொன்ன ரீமேப்பிங் கெஸ்ட்டுக்குள் வேலை செய்யவில்லை.

விண்டோஸ் சர்வரில் டாஸ்க் மேனேஜர் எல்லாவற்றையும் காட்டுகிறது, ஆனால் உங்கள் சிமுலேஷன் மென்பொருள் 64ஐ மட்டுமே பயன்படுத்துகிறது என்றால், விண்டோஸ் சிபியுக்களை 64 கொண்ட குழுக்களாகப் பிரிப்பது காரணம். விண்டோஸ் சர்வர் 2022க்கு முந்தைய பதிப்புகளில், குழுக்களை அறியாத மென்பொருள் ஒரு குழுவுக்குள்ளேயே நின்றுவிடும். இதற்கு ஹோஸ்டில் மருந்தில்லை.

அறிகுறி: திரை கருப்பாகவே நிற்கிறது

யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரும் செக்யூர் பூட்டும் உள்ள விஎம்மில் விசிபியு அதிகமானால், ஃபர்ம்வேர் தனக்கென்று ஒதுக்கும் டிசெக் நினைவகம் போதாமல் போகலாம். லிப்விர்ட்டில் எஸ்எம்எம் அம்சத்தின் கீழ் டிசெக் அளவை ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன் எண்ணைப் பாதியாக்கி எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் ஐயம் தீர்ந்தது.

அறிகுறி: எண்ணிக்கை எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகம்

கெஸ்ட்டில் 'டாப்' ஓட்டி சிபியு வரியின் கடைசியில் இருக்கும் ஸ்டீல் சதவீதத்தைப் பாருங்கள். கெஸ்ட் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் இடம் தராத நேரம் அது. அது தொடர்ந்து இரட்டை இலக்கத்தில் நின்றால், ஹோஸ்டில் இருப்பதைவிட அதிகம் பங்கு போட்டுவிட்டீர்கள். கெஸ்ட் லாகில் சாஃப்ட் லாக்கப், சிபியு 22 நொடி சிக்கியது என்ற வரிகள் வந்தால் நிலைமை முற்றிவிட்டது. பூட்டைப் பிடித்திருக்கும் விசிபியுவை ஹோஸ்ட் ஓரம்கட்டிவிட, மீதி எல்லா விசிபியுவும் அந்தப் பூட்டுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். விசிபியு கூடக் கூட இது மோசமாகும். வேகத்துக்காக எண்ணை ஏற்றி, அந்த ஏற்றமே வேகத்தைத் தின்னும்.

ஒரே விஎம்முக்கு ஹோஸ்டின் எல்லாத் த்ரெட்டையும் கொடுக்காமல் சிலவற்றை ஹோஸ்டுக்கு விட்டுவையுங்கள். இரட்டை சாக்கெட் பெட்டியில் 'நியூமாசிடிஎல்' காட்டும் கணுக்களை (சிபியுக்களும் அவற்றின் அருகிலுள்ள நினைவகமும்) பார்த்து, விசிபியுக்களையும் நினைவகத்தையும் ஒரே பக்கம் பொருத்துங்கள். கல்லூரி லேப்பில் அறுபது மாணவருக்கு ஒரு பெரிய 240 விசிபியு விஎம் எழுப்புவதைவிட, ஆளுக்கு 4 விசிபியு கொண்ட அறுபது சிறிய விஎம்கள் எல்லா வகையிலும் நல்லவை. ஒருவர் கெடுத்தால் ஒருவருக்குத்தான் கெடும். பெரிய விஎம் உண்மையில் தேவைப்படுவது, ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து நூறு த்ரெட்டில் ஓடும் கணக்கீடுகளுக்கு மட்டும்.

அறிகுறி: ஒரு ஹோஸ்டில் ஓடுகிறது, இன்னொன்றுக்கு மாற்றினால் மறுக்கிறது

லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) செய்யும்போது போய்ச்சேரும் ஹோஸ்டும் அதே சோதனைகளைச் செய்யும். கிருஷ்ணகிரி அலுவலகத்தில் டெபியன் 12, ஓசூர் கிளையில் டெபியன் 11 என்றால் 300 விசிபியு விஎம்மை ஓசூர் பக்கக் கெர்னல் ஏற்காது. மைக்ரேஷன் தொடங்கும் முன் இரண்டு ஹோஸ்டிலும் 66, 129 இரண்டையும் கேளுங்கள். அந்த மெஷின் வகை எதிர்ப்பக்கக் கியூஎமுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விஎம்மின் அதிகபட்ச எண்ணை இரண்டு ஹோஸ்டில் சிறியதற்குள் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் அந்த அதிகபட்சத்தை மாற்ற முடியாது. அணைத்து, எக்ஸ்எம்எல்லைத் திருத்தி, மறுபடி எழுப்ப வேண்டும்.